பிரசங்கம் தடைபடவில்லை

இது நடந்தது. நடந்த நேரங்கள் என் கைக்குறிப்பேட்டில் நிமிடம் பிசகாமல் இருக்கின்றன. முப்பத்தெட்டு ஆண்டுகள் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தினேன். அவற்றில் கடைசிப் பதினொரு ஆண்டுகள் தலைமை மெய்ப்புத் திருத்துநர். இல்லாததைச் சேர்ப்பது என் வழக்கமன்று. இருப்பதை விடுவதும் என் வழக்கமன்று, ஒரே ஒரு முறை தவிர. அந்த ஒரு முறையைப் பற்றித்தான் எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது யாராவது உங்கள் கதவைத் தட்டினால், தயவுசெய்து எழுந்து போய்த் திறந்துவிடுங்கள்.

துறைமுகச் சாலை முடியும் இடத்தில் அந்த ஆலயம் இருக்கிறது. டச்சுக்காரர்கள் கட்டியது. சுவர்கள் இரண்டு முழக் கனம். கட்டியவர்கள் போன பிறகு வேறு சபையினர் வந்தார்கள்; பிறகு படைவீரர்கள் தங்கினார்கள்; பிறகு அது மரக்கிடங்காயிற்று; பிறகு பூட்டிக் கிடந்தது. தரை முழுவதும் கல்லறைக் கற்கள். பெரிய மனிதர்களை ஆலயத்துக்குள்ளேயே, நடக்கும் தரைக்கு அடியில் புதைத்திருந்தார்கள். ஒவ்வொரு கல்லிலும் குலச் சின்னம், பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி. மொத்தம் அறுபத்து மூன்று கற்கள். ஒரு கல்கூட வரிசை விலகவில்லை. முதல் நாளே எனக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று.

மேற்கே பெரிய வாசல். வடக்கே ஒரு சிறிய கதவு; உள்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள். அந்தக் கதவுக்கு வெளியே, சுவரை ஒட்டி, தூண்கள் தாங்கிய கனத்த ஓட்டுத் தாழ்வாரம். தாழ்வாரத்துக்கு அப்பால் புல் முளைத்த ஒரு நீளத் துண்டு நிலம்.

அந்த ஆலயத்தைப் பொது வாசகசாலையாக மாற்றும் வேலையை என் தம்பி ஒப்பந்தத்தில் எடுத்திருந்தான். என்னைவிட ஒன்பது வயது இளையவன். அம்மா போன பிறகு அவனுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள் நான். எந்த விவாதத்தையும் ஒரே சொல்லில் முடித்துவிடுவேன் என்பதால், பத்து வயதில் எனக்கு ‘முற்றுப்புள்ளி’ என்று பெயர் வைத்தான். உலகத்தில் வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால் விட்டிருக்கவும் மாட்டேன். அவன் சொன்ன நேரத்துக்கு எங்கும் வந்ததில்லை. தன் திருமணத்துக்கே நாற்பது நிமிடம் தாமதமாக வந்தவன்.

அவன் அந்த வேலையை என்னிடம் கொண்டுவந்தது ஒரு திங்கட்கிழமை.

“அக்கா, சும்மா ஒக்காந்து பேப்பர்ல தப்புக் கண்டுபிடிச்சிட்டு இருக்கியே, ஒனக்கு உருப்படியா ஒரு வேலை தரேன்.”

“பேப்பர்ல தப்பு இருக்கு. அதனால கண்டுபிடிக்கிறேன்.”

“அந்த வாய்தான் எனக்கு வேணும். சர்ச்சோட இடத்துக்குச் சரித்திரம் கேக்கறாங்க. யார் யாரை எங்கெங்க பொதைச்சிருக்குன்னு பட்டியல். நீ எழுதிக் கையெழுத்துப் போட்டா எந்த ஆபீசரும் மூச்சு விட மாட்டான்.”

“எப்ப வேணும்?”

“வெள்ளிக்கிழமை. அடுத்த திங்கள் தோண்டற மெஷின் வருது. வடக்குப் பக்கத்துல தண்ணித்தொட்டி, கழிப்பறை. இந்த வேலை நின்னு போச்சுன்னா இனிமே என்னை எவனும் கூப்பிட மாட்டான் அக்கா.”

கடைசி வாக்கியத்தை அவன் சிரிக்காமல் சொன்னான். அதற்கு முன் இரண்டு வேலைகள் அவன் கையை விட்டுப் போயிருந்தன. ஒப்புக்கொண்டேன்.

ஆலயத்தின் நடுவில் ஒரு மேசையும் நாற்காலியும் போட்டுக் கொடுத்தான். என்னிடம் இருந்த ஆதாரங்கள் இரண்டு. தரையில் இருந்த கற்கள் ஒன்று. மற்றொன்று டச்சுக்காரர்களின் சபைக் குழு எழுதிவைத்த பழைய குறிப்பேடு. மூலம் ஆவணக் காப்பகத்தில் இருந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு போதகர் அதில் ஒரு பகுதியை மொழிபெயர்த்து வைத்திருந்தார். அதன் தட்டச்சுப் படி என் மேசைமீது. ஒவ்வொரு பதிவையும் ஓர் அட்டையில் எழுதினேன். அட்டைகளைத் தலைப்புவாரியாகப் பிரித்தேன். அடக்கங்கள். திருமணங்கள். ஒழுங்கு விதிகள். பொருட்சேதம். அப்படித்தான் வேலை செய்வேன். எது எங்கே போக வேண்டுமோ அது அங்கே போக வேண்டும்.

ஒன்பதாம் பக்கத்தில் ஒரு விதி இருந்தது: ‘சீமாட்டிகளுக்குக் குடை பிடிக்கும் அடிமைகள் ஆலயத்துள் வரலாகாது. வழிபாடு முடியும்வரை வடபுறத் தாழ்வாரத்தில் நிற்றல் வேண்டும்.’ அதை ஒழுங்கு விதிகளில் சேர்த்தேன்.

நாற்பத்திரண்டாம் பக்கத்தில் ஒரு பதிவு இருந்தது: ‘வடபுறத் தாழ்வாரம் மழையில் இடிந்தது. ஏழு குடைகள் போயின. பிரசங்கம் தடைபடவில்லை.’

மூன்று வாக்கியங்கள். மூன்றும் சுருக்கம். மிகையான சொல் ஒன்றுகூட இல்லை. எழுதியவரை மனத்துக்குள் பாராட்டினேன். அதைப் பொருட்சேதத்தில் சேர்த்தேன்.

குடை தானாக நிற்காது. யாராவது பிடித்திருக்க வேண்டும். இது எனக்குத் தோன்றவில்லை. இரண்டு அட்டைகளும் இரண்டு பெட்டிகளில் இருந்தன.

செவ்வாய், பிற்பகல் 3.40. தட்டச்சுப் படியின்மீது ஒரு துளி நீர் விழுந்தது. நாற்பத்திரண்டாம் பக்கம். ‘ஏழு குடைகள்’ என்ற இடத்தில்.

தலையை உயர்த்திப் பார்த்தேன். கூரை புதிது. ஓடு மாற்றி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. வெளியே வெயில் சுட்டெரித்தது. ஒற்றுத்தாளால் ஒற்றிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன்.

புதன், 3.40. மீண்டும் ஒரு துளி. அதே பக்கம். அதே வரி. இந்த முறை துளி மட்டுமன்று. ஈரத்துணியின் வாடையும் வந்தது. வெகுநேரம் மழையில் நின்றவர் பக்கத்தில் வந்து நிற்பதுபோல. காவல்காரரைக் கூப்பிட்டேன். இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து தொங்கும் என்பதால் அவரை எல்லோரும் ‘பூட்டு’ என்பார்கள்.

“கூரை ஒழுகுதா பூட்டு?”

“மழையே இல்லையேம்மா.”

“அதனாலதான் கேக்கறேன்.”

அவர் வடக்குக் கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“மழை வந்தா அந்தக் கதவுப் பக்கம் ஒக்காராதீங்கம்மா. வெளியே ஆளுங்க நிக்கற மாதிரி இருக்கும்.”

“எத்தனை பேர்?”

“எண்ணினது இல்லம்மா. எண்ண ஆரம்பிச்சா... நம்மளையும் சேத்து எண்ணிடுவாங்க.”

“உளறாம போய் வேலையைப் பாருங்க.” அவர் போய்விட்டார்.

வியாழன் காலை மேசையை ஆறு அடி தள்ளிப் போட்டேன். கயிறு பிடித்து அளந்துதான் போட்டேன். 3.40. அதே பக்கம். அதே வரி. அன்று மாலை புறப்படும்போது வடக்குக் கதவின் உள்பக்கத் தரையில் ஈரப் புள்ளிகள் கண்டேன். ஒவ்வொன்றும் நாணய அளவு. சுவரோரமாக ஒரே வரிசையில் ஏழு. நிலம் அளக்க வந்தவர்கள் தங்கள் கருவியின் முக்காலியை வைத்த தடம் என்று நினைத்தேன். முக்காலிக்கு ஏழு கால் கிடையாது என்பது எனக்கு உறைக்கவில்லை.

இரவு தம்பியிடம் தொலைபேசியில் சொன்னேன். சிரித்தான்.

“நீ எழுதறதுல தப்பு கண்டுபிடிக்க ஒரு ஆள் வந்துட்டான் பாத்தியா! பேயா இருந்தாலும் கெட்டிக்காரப் பேய்.”

“விளையாடாதே.”

“சரி சரி. வடக்குப் பக்கம் ஒண்ணும் இல்லைதானே அக்கா?”

“பதிவு இல்லை.”

“அது போதும். நாளைக்குப் போட்டுடு. சாயங்காலம் நானே வந்து வாங்கிக்கறேன்.”

வெள்ளிக்கிழமை. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. பட்டியலைச் செம்மையாக எழுதி முடித்தேன். கீழே சான்றுரை: ‘வடபுற நிலத்தில் அடக்கம் எதுவும் நடந்ததாகப் பதிவு இல்லை.’ மூன்று முறை படித்தேன். அதில் பொய்யான சொல் ஒன்றும் இல்லை. அப்படி ஒரு வாக்கியத்தைக் கொண்டு என்னவெல்லாம் மூடிவிடலாம் என்பது அன்று எனக்குத் தெரியாது.

3.40-க்குத் துளிக்காகக் காத்திருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், காத்திருந்தேன்.

விழவில்லை.

3.52-க்குக் கையெழுத்துப் போட்டேன்.

பேனாவை மூடும்போதே வெளிச்சம் குறைந்தது. 4.00-க்கு முதல் இடி. 4.04-க்கு மழை. தூறலாகத் தொடங்கவில்லை, ஒரேயடியாகக் கொட்டியது. மேற்கு வாசல் வழியாகக் காற்று புகுந்து என் அட்டைகளைக் கலைத்தது. ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தித் தாழிட்டேன். அட்டைகளைப் பொறுக்கினேன். இரண்டு அட்டைகள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக, நனைந்து, ஒட்டிக் கிடந்தன. ஒன்பதாம் பக்கத்து விதி. நாற்பத்திரண்டாம் பக்கத்துப் பதிவு.

அவற்றைப் பிரித்தேன். உரிய பெட்டிகளில் வைத்தேன்.

4.17. மேசைமீது கைப்பேசி ஒலித்தது. தம்பி.

“அக்கா, நான் அலுவலகத்தில் இருக்கிறேன். ஐந்து மணிக்கு வருவேன். முடியும்வரை வடக்குக் கதவைத் திறக்க வேண்டாம்.”

நான் பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது. அந்தக் குரலுக்குப் பின்னால் அலுவலகச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. மழைச் சத்தம் கேட்டது. இன்னும் தள்ளி, யாரோ ஒருவர் ஒரே சீராக, ஏற்ற இறக்கமின்றிப் பேசிக்கொண்டே இருந்தார். தொலைக்காட்சி என்று நினைத்தேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தம்பி என்னிடம் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. அரைகுறையாகத்தான் பேசுவான், பாதியில் சிரிப்பான். அன்றுதான் எழுதிவைத்துப் படிப்பதுபோல முழுமையாகப் பேசினான். எனக்கு அது வினோதமாகத் தோன்றவில்லை. மகிழ்ச்சியாக இருந்தது.

4.20. வடக்குக் கதவில் ஒரு தட்டல்.

டொக்.

கையால் தட்டும் ஒலியன்று. இரும்பு முனை கொண்ட கோலால் தட்டும் ஒலி. என் தலை உயரத்தில் கேட்டது.

டொக். இது சற்று இடப்பக்கம்.

டொக்.

நான்காவது தட்டல் மிகத் தாழ்வாகக் கேட்டது. முழங்காலுக்குச் சற்று மேலே. அவ்வளவு தாழ்வாகத் தட்ட வேண்டுமென்றால்... தட்டுபவர் மிகச் சிறியவராக இருக்க வேண்டும்.

ஐந்து. ஆறு. ஏழு.

பிறகு மழை மட்டும்.

“பூட்டு?” என்றேன். அவருடைய காவல்கூண்டு மேற்குப் பக்கம், தெருவோரம் இருந்தது. மேற்குப் பக்கத்திலிருந்து எந்த ஒலியும் வரவில்லை. இதை நினைவில் வையுங்கள்.

4.24. மீண்டும் ஏழு. அதே வரிசை. அதே உயரங்கள்.

4.28. மீண்டும் ஏழு.

கதவுக்கடியில் நீர் கசிந்து உள்ளே வந்தது. சாய்வு இல்லாத தரையில் அது என்னை நோக்கி நேராக ஓடிவந்தது. கற்களின் இடுக்கு வழியாக... ஒவ்வொரு பெயரையும் சுற்றிக்கொண்டு... ஒரு பெயரையும் தொடாமல்.

நான் நாற்காலியின்மேல் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டேன். எழுபத்தொரு வயதில்.

4.31. தட்டல் நின்றது. ஒரு குரல்.

“அக்கா! நான்தான். தொற.”

தம்பியின் குரல். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்துக்கு வருகிறேன் என்றவன். பிறந்ததிலிருந்து ஒரு நிமிடம்கூட முன்னதாக எங்கும் வராதவன்.

அசையவில்லை.

“அக்கா! அங்க முன்னாடி எவ்வளவு நேரமாத் தட்டறேன், காது கேக்கலையா? போனையும் எடுக்க மாட்டேங்கற. சுத்திக்கிட்டு வந்துட்டேன். தொப்பலா நனைஞ்சுட்டேன்.”

கைப்பேசி மேசைமீது இருந்தது. 4.17-க்குப் பிறகு அது ஒலிக்கவில்லை.

பொய் என்று நினைத்தேன். எழுந்து கதவருகே மட்டும் போனேன்.

“ஏய் முற்றுப்புள்ளி! வெளையாடாதே, தொற!”

என் கை தாழ்ப்பாளுக்குப் போயிற்று. அது உள்பக்கம் இருந்தது. ஆனால் ஈரமாக இருந்தது. பனிக்கட்டிபோல் குளிர்ந்தது.

“அக்கா...” இப்போது குரல் தாழ்ந்திருந்தது. கதவோடு வாயை வைத்துப் பேசுவதுபோல. “இங்க யாரோ நிக்கறாங்க அக்கா.”

“யாரு?”

“தெரியல... கையில கொடை வெச்சிருக்காங்க... யாருமே அதை விரிக்கல... நனைஞ்சுக்கிட்டே நிக்கறாங்க... ஒரு சின்னப் பொண்ணுகூட... என்னையே பாக்கறாங்க...”

எனக்குப் பின்னால், ஆலயத்தின் நடுவில், யாரோ பேசத் தொடங்கினார். ஒரே சீராக. ஏற்ற இறக்கமின்றி. எனக்குப் புரியாத மொழியில்.

திரும்பிப் பார்க்கவில்லை.

முடியும்வரை திறக்க வேண்டாம்.

கையை எடுத்துவிட்டேன்.

“அக்கா, தொறடீ...”

4.38.

மரம் முறியும் ஓசை.

ஓடுகள்.

தரை அதிர்ந்தது.

பேச்சு நிற்கவில்லை. இடிந்தபோதும் நிற்கவில்லை. தன் போக்கில் தொடர்ந்து, ஒரு சொல்லில் மெதுவாக இறங்கி, முடிந்தது.

அமைதி.

டொக்.

டொக்.

டொக்.

டொக்.

டொக்.

டொக்.

டொக்.

எண்ணி முடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

தட்.

இது கோல் அன்று. கை.

தாழ்ப்பாளை இழுத்தேன். அது சற்றும் தடுக்கவில்லை. வெண்ணெயில் கத்திபோல வந்தது. கதவு உள்பக்கமாகத் திறந்தது. ஓடுகளும் மரத்துண்டுகளும் என் காலடியில் சரிந்தன. அவற்றின் நடுவே தம்பியின் கை. கையில் அவனுடைய கறுப்புக் குடையின் பிடி. அவன் தாழ்வாரத்தை விட்டுப் போயிருக்கவில்லை; ஒதுங்கியிருக்கவில்லை. கடைசிவரை கதவோடு ஒட்டியே நின்றிருக்கிறான், நான் திறப்பேன் என்று.

மருத்துவர் பின்னர் சொன்னார்: உத்தரம் தலையில் விழுந்த அந்தக் கணத்திலேயே உயிர் போயிருக்கிறது. 4.38. அதற்குப் பின் தட்டியிருக்க வாய்ப்பில்லை.

துக்க வீட்டில் தம்பியின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “அவர் கூப்பிட்டது ஒங்களுக்குக் கேக்கலையா அண்ணி?”

“கேக்கல,” என்றேன்.

கேட்டது. இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம். அவள் படிப்பாள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

பூட்டு காவலர்களிடம் சொன்னது இது: தம்பியின் கார் 4.12-க்கே வந்துவிட்டது. இந்த மழையில் நான் எப்படி வீடு திரும்புவேன் என்று பயந்து, என்னை அழைத்துப் போக முன்னதாகவே புறப்பட்டு வந்திருக்கிறான். வாழ்க்கையில் முதல் முறையாக. மேற்கு வாசலைக் கால்மணி நேரம் இரண்டு கையாலும் அடித்திருக்கிறான். “தெருமுனை வரைக்கும் கேட்டுதுய்யா. உள்ள இருந்த அம்மாவுக்கு மட்டும் எப்படிக் கேக்கலன்னு தெரியல.” பிறகு தம்பி சுற்றிக்கொண்டு வடக்கே போயிருக்கிறான். பூட்டு அவன் பின்னால் போகவில்லை.

தம்பியின் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார்கள். 4.15 முதல் 4.30 வரை என் எண்ணுக்கு ஒன்பது அழைப்புகள். ஒன்றுகூட என்னிடம் ஒலிக்கவில்லை. அவற்றில் 4.17-க்கு எதுவும் இல்லை. என் கைப்பேசியில், அன்று முழுவதும், எந்த அழைப்பும் பதிவாகவில்லை. தொலைபேசி நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். பதிவு இல்லை என்று பதில் வந்தது. என் சான்றுரையில் நான் எழுதிய அதே இரண்டு சொற்கள்.

உத்தரத்தை அகற்றுவதற்காகத் தாழ்வாரத்துத் தரையைத் தோண்ட வேண்டியிருந்தது. இரண்டடி ஆழத்தில் எலும்புகள். பெட்டி இல்லை, கல் இல்லை. யாரும் கிடத்திப் புதைத்ததாகவும் தெரியவில்லை. விழுந்த இடத்திலேயே மண்ணைத் தள்ளி மூடி, அதன்மேலேயே தாழ்வாரத்தை மறுபடி கட்டியிருந்தார்கள். ஏழு பேர். ஏழு பேரின் கைகளும் கதவுப் பக்கம் நீண்டிருந்தன. ஒவ்வொருவர் அருகிலும் துருப்பிடித்த ஓர் இரும்பு முனை. வரிசையில் நான்காவது எலும்புக்கூடு ஒரு குழந்தையுடையது. ஏழெட்டு வயது இருக்கும் என்றார்கள்.

அந்த ஏழு பேரும் மூன்று நாள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதே வரியில், அதே நேரத்தில், மெதுவாக. சான்றுரையை நான் எழுதி முடித்த பிறகுதான் கேட்பதை நிறுத்தினார்கள். என் தம்பியைக் கொல்ல அவர்களுக்கு ஓர் உத்தரமே போதும். அது எப்போது வேண்டுமானாலும் விழுந்திருக்கும். அவர்களுக்கு வேண்டியிருந்தது வேறு. உள்ளே ஒருத்தி இருக்க வேண்டும். அவள் எல்லாவற்றையும் கேட்க வேண்டும். கேட்டும் திறக்காமல் இருக்க வேண்டும்.

பட்டியலைத் திருத்தினேன். அடக்கங்கள்: எழுபது. கடைசி ஏழு பேருக்கு எதிரே ‘பெயர் அறியப்படவில்லை’. அந்த நிலத்தில் தொட்டி கட்டவில்லை. இதனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

அடுத்த மழைக்கு என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. திறந்தேன். யாரும் இல்லை. சாத்தினேன். தட்டப்பட்டது. திறந்தே வைத்தேன். பின்கதவு தட்டப்பட்டது. பிறகு படுக்கையறைக் கதவு. அந்த மாதமே தச்சரை வரவழைத்து, வீட்டிலிருந்த எல்லாக் கதவுகளையும் கீலோடு கழற்றி அனுப்பிவிட்டேன். “திருட்டுப் பயம் இல்லையாம்மா?” என்றார் தச்சர். இல்லை என்றேன்.

போன வாரம் ஆவணக் காப்பாளரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. குறிப்பேட்டின் மூலத்தை அவர் முழுவதும் படித்துவிட்டார். போதகர் மொழிபெயர்க்காமல் விட்ட இரண்டு பக்கங்களை எனக்காகத் தமிழில் எழுதி அனுப்பியிருந்தார். முதல் பக்கம், ஆலய வாயில்காப்போனின் வாக்குமூலம்: ‘அவர்கள் கோல்களால் தட்டினார்கள். என் தமையன் மகளும் அவர்களுள் இருந்தாள். திறக்கப் போனேன். முடியும்வரை திறக்க வேண்டாம் என்று கட்டளை வந்தது.’

இரண்டாம் பக்கம், ஓராண்டுக்குப் பின் எழுதப்பட்ட குழுவின் குறிப்பு. அதன் நடையும் சுருக்கம்தான். மூன்றே வாக்கியங்கள். ‘வாயில்காப்போன் தன் வீட்டுக் கதவுகள் அனைத்தையும் கழற்றி எரித்துவிட்டான். ஆயினும் மழை நாட்களில் தன் கதவு தட்டப்படுவதாக முறையிடுகிறான். ஏழு முறை என்கிறான்.’

நேற்று 4.20-க்கு மழை பிடித்தது. என் வீட்டு வாசலில், வெறும் நிலையில், மரத்தின்மேல் இரும்பு படும் ஒலி கேட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்தே எண்ணினேன்.

அந்த வாயில்காப்போன் ஏழு என்று சொல்லியிருக்கிறான்.

எனக்கு எட்டு வருகிறது.